மலையகத்தைப் படமெடுக்க வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையின் தேயிலைத் தோட்ட மலைநாடான மலையகத்துக்குக் கமராவோடு வருகிற ஒளிப்படக் கலைஞர்களுக்கும், அவர்களை அனுப்பிவைக்கிற நிறுவனங்களுக்கும் வணக்கம்.

மலையேறி வந்து எங்களைப் படமெடுக்கிறவர்களின் தொகை சில ஆண்டுகளாகக் கூடிக்கொண்டே வருகிறது. மலையகத் தமிழரின் 200 ஆண்டு வரலாறு 2023இல் நினைவுகூரப்பட்டதும், அவ்வாண்டு மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்ததும், தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களுக்குப் பதிலாகத் தனி வீடுகள் கட்டப்படுவதும் இதற்குக் காரணங்களாக இருக்கலாம். வருகிறவர்களில் பலர் நல்ல எண்ணத்தோடும் நல்ல கண்ணோடும் வருகிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் யாருடைய படம், எந்தத் தோட்டம், எந்த நாள் என்ற மூன்றும் எழுதப்படாமல் இம்மலைகளை விட்டுப் போகிற படம், எடுத்தவருக்கு எவ்வளவு பெயர் வாங்கிக் கொடுத்தாலும், எடுக்கப்பட்டவரின் பிள்ளைகளுக்கு ஒருநாளும் ஆவணமாக உதவாது. அந்த மூன்றையும் எழுதிவைத்த படங்களோ எங்கள் சிறு நகரங்களில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. இந்த இரண்டையும் பற்றியே இம்மடல்.

நான் ஹட்டன் பக்கத்து நகரொன்றில் நெடுங்காலம் ஸ்டூடியோ நடத்தி, கைத்தொலைபேசியில் கமரா வந்தபின் கதவை மூடியவன். கலைஞன் என்று என்னைச் சொல்லிக்கொள்வதில்லை. அடையாள அட்டைப் படம், கடவுச்சீட்டுப் படம், கல்யாணம், சடங்கு, சிலவேளை மரண வீடு, இவைதாம் எங்கள் தொழில். அதனால் ஒளி பற்றியோ கோணம் பற்றியோ உங்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. படம் எடுத்து முடித்தபின் நடக்க வேண்டியவை பற்றி மட்டும் சொல்ல இருக்கிறது.

இந்த மலைகளில் வாழ்ந்து படமெடுத்தவர்களில் உலகப் புகழ் பெற்றவர் ஜூலியா மார்கரட் கமரன். 1875இல் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்தவர், 1879இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவை செயின்ட் மேரிஸ் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். இலங்கையில் அவர் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை 30க்கும் குறைவு. இங்கிலாந்தில் அவருடைய கமராவுக்கு முன்னால் அமர்ந்த கவிஞர் டெனிசனும் அறிவியலாளர்களான டார்வினும் ஹேர்ஷலும் பெயரோடு நிலைத்துவிட்டார்கள். இங்கே அவர் எடுத்த தோட்டத் தொழிலாளருக்கும் குடியானவருக்கும் அந்த வாய்ப்புப் பெரும்பாலும் கிட்டவில்லை. களுத்துறையில் எடுத்த ஒரு படத்துக்கு மட்டும் அவர் நீண்ட குறிப்பொன்று எழுதியிருக்கிறார்: சிறுமிக்கு வயது 12 என்றும், பக்கத்தில் இருக்கும் கிழவர் தம்மை அவளுடைய தகப்பன் என்றும் தமக்கு வயது 100 என்றும் சொல்வதாகவும் அதில் இருக்கிறது. வயதையும் உறவையும் கேட்டு எழுதியவர், அடுத்த கேள்வியாகப் பெயரைக் கேட்டு எழுதியிருந்தால் அதற்கு இன்னும் இரண்டு சொற்கள்தாம் பிடித்திருக்கும்.

அவர் காலத்திலும் அதற்குப் பின்னரும் ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே முதலான கம்பனிகள் விற்ற படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் ‘தமிழ்க் கூலி’, ‘கொழுந்து பறிக்கும் பெண்’ என்பதற்கு மேல் விவரம் காண்பது அரிது. அவர்களுக்கு விற்பனை நோக்கம். அவர்களோடு இன்று வழக்காடிப் பயனில்லை. ஏறக்குறைய 150 ஆண்டுகள் கழிந்து, நேரமும் இடமும் கமராவிலேயே தானாகப் பதிவாகிற காலத்தில் வெளிவரும் படங்களுக்கும் ‘நுவரெலியாவில் ஒரு தேயிலைத் தொழிலாளி’ என்று எழுதிவிட்டுப் போகிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் ஸ்டூடியோ மேசையில் நீளமான கணக்குக் கொப்பி ஒன்று எப்போதும் இருக்கும். ஓரத்தில் இலக்கம், அடுத்துப் பெயர், தோட்டமும் அதன் பிரிவான டிவிசனும், எத்தனை பிரதி, எவ்வளவு முற்பணம், எடுத்த திகதி, கொடுக்க வேண்டிய திகதி என்று கட்டம் போட்டிருப்போம். அதே இலக்கத்தை நெகட்டிவ் வைக்கும் சிறிய உறையின் மேல் பென்சிலால் எழுதுவோம். பேனை மை இந்தக் குளிரிலும் ஈரத்திலும் ஊறிப் பரவிவிடும், பென்சில் எழுத்து அப்படியே இருக்கும். படத்தின் பின்புறத்தில் ஸ்டூடியோவின் ரப்பர் முத்திரை, அதற்குக் கீழே திரும்பவும் அந்த இலக்கம். வரலாற்றை எழுதிவைக்கும் எண்ணம் எங்களில் எவருக்கும் இருந்ததில்லை. சம்பள நாளில் வந்து நிற்கிறவரிடம் இன்னொருவருடைய படத்தைக் கொடுத்துவிடக் கூடாதே என்ற பயந்தான். ஒரே தோட்டத்தில் ஐந்து லெட்சுமியும் நான்கு பழனியாண்டியும் இருப்பார்கள் ஆகையால், தகப்பன் பெயரையும் லயத்தின் இலக்கத்தையும்கூடக் கேட்டுக் குறித்துக்கொள்வோம். மேல் லயமா கீழ் லயமா, தொங்கல் வீடா நடு வீடா என்பதுவரை அந்தக் கொப்பிகளில் இருக்கிறது.

இந்தக் கொப்பிகளின் பெறுமதி எனக்கே பிற்காலத்தில்தான் விளங்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கை, இந்தியப் பிரதமர்களுக்கிடையே கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மிஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பங்கிட்டது. அந்த ஆண்டுகளில், பயணத் திகதி வந்தவுடன் குடும்பத்தோடு இறங்கி வந்து படமெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். கடவுச்சீட்டுப் படம் முடிந்ததும், “எல்லாரும் சேர்ந்து ஒண்ணு எடுங்க ஐயா” என்பார்கள். கோட்டு ஸ்டூடியோவினுடையது; அண்ணன் தனிப்படத்துக்குப் போட்டுக் கழற்றியதைத் தம்பி போட்டுக்கொள்வார். போகிறவர்களும் இருக்கிறவர்களும் அந்தப் படத்தில் கலந்தே நிற்பார்கள். இரண்டு பிரதி கேட்பார்கள். ஒன்று தலைமன்னாரில் கப்பலேறும் பெட்டிக்குள் போகும். மற்றது லயத்துச் சுவரில் ஏறும். நெகட்டிவ் எங்களிடம் தங்கிவிடும்.

இன்று தமிழ்நாட்டின் கூடலூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும், அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் உறவு தேடி வருகிறார்கள். தாத்தா இருந்த தோட்டத்தின் பெயர் சிலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும் அது தமிழர் வாயில் வழங்கிய பெயராக இருக்கும், கம்பனிப் பதிவிலுள்ள ஆங்கிலப் பெயர் வேறாக இருக்கும். கையில் இருப்பது மங்கிப்போன ஒரு குடும்பப் படம் மட்டும். அப்படி வந்த ஒருவரிடம் படத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். முத்திரை எங்களுடையது, இலக்கமும் தெளிவாக இருந்தது. கொப்பியைப் புரட்டியபோது தோட்டம், டிவிசன், லயம், தகப்பன் பெயர் எல்லாம் வந்துவிட்டன. அன்று பிற்பகலே பஸ் ஏறிப் போய், அந்த லயத்தில் இன்னும் இருக்கிற தம் சின்னத் தாத்தாவின் மகளைக் கண்டு பேசிவிட்டுத்தான் ஊர் திரும்பினார். பெயரில்லாத ஒரு படம், அது உலகின் பெரிய அரும்பொருட் காட்சியகத்தில் தொங்கினாலும், இந்த வேலையைச் செய்ய முடியாது.

ஆகவே என் முதல் வேண்டுகோள் மிகச் சிறியது. படமெடுத்தபின் ஐந்து நிமிடம் நின்று, பெயரையும் தகப்பன் அல்லது தாய் பெயரையும், தோட்டத்தின் இரண்டு பெயர்களையும், டிவிசனையும், வேலை செய்யும் தேயிலை மலையின் நம்பரையும், திகதியையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை அவரிடமே ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். பெயர் வெளியே போவதை விரும்பாதவர்களும் உண்டு. தோட்டத் துரையோடு வழக்கிருப்பவர், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகவிருக்கும் பெண், பள்ளிக்கூடப் பிள்ளையின் பெற்றோர் என்று அவரவர்க்கு ஒரு நியாயம் இருக்கும். அப்படியானால் அச்சில் பெயரைப் போடாதீர்கள், ஆனால் உங்கள் குறிப்பில் இருக்கட்டும். வெளியிடாமல் இருப்பது வேறு, கேளாமல் இருப்பது வேறு.

இதைச் சொன்னால் கலைக்கும் குறிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 1936 மார்ச்சில் டொரோத்தியா லாங் எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ படத்தை உங்களில் அறியாதவர் இருக்க முடியாது. அரசாங்க வேலையாகப் போனவர், பட்டாணித் தோட்டக் கூடாரத்தில் இருந்த அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்ற பெயர் 1978இல்தான் உலகுக்குத் தெரியவந்தது. உணவுக்காகக் காரின் டயரை விற்றுவிட்டார்கள் என்று லாங் எழுதியதை அந்தக் குடும்பம் மறுத்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்று அந்த அம்மாளும் வருந்தினார். அவ்வளவு பெரிய படத்துக்கே குறிப்புப் பிழைத்தால் இந்தக் கதி.

மறுபுறத்தில், இங்கிலாந்தின் வட டெவனில் ஜேம்ஸ் ரவீலியஸ் என்பவர் 1972 தொடக்கம் 17 ஆண்டுகள் அந்தக் கிராமங்களிலேயே குடியிருந்து, 70,000க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். ஆடு குட்டி ஈனுவதும், மருத்துவர் வீட்டுக்கு வருவதும், சந்தையில் கிழவர்கள் கதைத்துக்கொண்டு நிற்பதுமே அவருடைய பொருள். அவர் செய்த இன்னொரு காரியத்தை நான் அதைவிடப் பெரிதாக மதிக்கிறேன்: அந்தக் குடும்பங்களின் அலுமாரிகளிலும் அல்பங்களிலும் கிடந்த பழைய படங்களை இரவல் வாங்கி, பிரதியெடுத்து, தம் படங்களோடு ஒரே சேகரத்தில் சேர்த்தார். வந்தவர் கண்ணில் பட்ட ஊரும், ஊரார் தம்மைத் தாமே பார்த்துக்கொண்ட விதமும் இன்று ஒரே இடத்தில் இருக்கின்றன. மலையகத்துக்கு அப்படி ஒருவர் இன்னும் வரவில்லை. வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை.

நீங்கள் எடுக்கிற படங்களைப் பற்றியும் ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும். எல்ல ரயில் பாதையோரம் பளிச்சென்ற சேலையில் கூடை சுமந்து சிரித்து நிற்கிற அக்காமார் உல்லாசப் பயணிகளுக்காக நிற்கிறார்கள். அதில் நாலு காசு கிடைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். வேலைக்குப் போகிற பெண் அப்படிப் போவதில்லை. பழைய உடுப்புக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, இடுப்பைச் சுற்றிப் படங்கு, தலையில் துண்டு, காலில் அட்டை ஏறாமலிருக்கச் சவர்க்காரம். பல தோட்டங்களில் கூடை போய்ச் சாக்கு வந்துவிட்டது. சில இடங்களில் கையால் பறிப்பதும் போய்க் கத்தரி வந்துவிட்டது. இவற்றை எடுத்தால் படம் ‘அசலாக’ இல்லை என்று நினைக்கிறீர்களோ என்னவோ, கூடையைத் தேடிப்பிடித்து மாட்டச் சொன்ன ஒருவரை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். லயத்துக் கூரையிலுள்ள டிஷ் அன்டனாவும், வாசலில் நிற்கிற முச்சக்கர வண்டியும் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகின்றன. உதவி நிறுவனங்களின் அறிக்கைக்காக வருகிறவர்கள் இதற்கு நேர்மாறு. மூக்கொழுகும் பிள்ளையும் உடைந்த மலசலகூடமும் இல்லாமல் அவர்கள் திரும்புவதில்லை. இரு சாராருக்கும் எங்களுடைய ஒரு சாதாரண நாள் தேவைப்படவில்லை.

காலையில் மலையில் வைத்து ஒரு பெண்ணை அரை மணி நேரம் நிறுத்திவைத்துப் படமெடுக்கிறவர்கள், அந்த அரை மணிக்கு எத்தனை கிலோ கொழுந்து என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். தோட்டம் கேட்கிற நிறை வராவிட்டால் அன்றைக்கு அவருக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளந்தான். படமெடுக்க வேண்டிய இடம் நிறுக்கும் இடம். தராசில் சாக்கு ஏறும்போது எண்ணைப் பார்க்கிற முகமும், தண்ணிக்கும் சாக்குக்கும் என்று கழிக்கப்படுகையில் மாறுகிற முகமும், கொப்பியில் எழுதுகிறவரின் குனிந்த தலையும் அங்கே இருக்கின்றன. அங்கே கமராவுக்கு எளிதில் அனுமதி கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். அனுமதி கேட்டுக் கிடைக்காத இடங்களையும் குறிப்பில் எழுதிவையுங்கள், அதுவும் ஆவணந்தான்.

லயங்கள் உடைபடுவதைப் பற்றி எனக்குத் துளியும் வருத்தமில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்பியதை அழகென்று சொல்லிப் படமெடுக்கிறவரோடு எனக்கு உடன்பாடும் இல்லை. 7 பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்துப் போகிறவர்கள் மகிழ்ச்சியோடுதான் போகிறார்கள். ஆனால் போகிற அந்த வாரத்தில் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பில் அடுப்புப் புகை படிந்த சுவரும், காம்பராவுக்குள் உயரத்தில் சாய்த்து மாட்டிய கண்ணாடிச் சட்டமும், அதன் விளிம்பில் செருகிய அடையாள அட்டைப் படங்களும் எடுக்கப்பட வேண்டும். அந்தச் சட்டத்தை நெருங்கிப் பாருங்கள். நடுவில் மாலையோடு இறந்துபோன அப்பாயி, இடது மூலையில் டுபாய் போன மகள், வலது மூலையில் கொழும்புக் கடையில் நிற்கிற பேரன், கீழே பட்டமளிப்பு அங்கியில் ஒரு பெண். ஒரு குடும்பம் நான்கு திக்கில் போன கதை அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அதைக் கழற்றிப் புது வீட்டுச் சுவரில் எங்கே மாட்டுகிறார்கள் என்பதையும் கூடவே போய்ப் பாருங்கள்.

இன்னும் எவ்வளவோ மாறிக்கொண்டிருக்கிறது. ஆளில்லாமல் காடாகிப் போன மலைகள், வெளிவாரி முறையில் குடும்பத்துக்கு இத்தனை செடி என்று பிரித்துக் கொடுக்கப்பட்ட மலைகள், ஹோட்டலாகிவிட்ட பங்களாக்கள், தீபாவளிக்கு முதல்நாள் இரவு கொழும்பிலிருந்து வந்து ஹட்டன் பஸ் நிலையத்தில் பையோடு இறங்குகிற பொடியன்மார், ஆள் குறைந்து சுருங்கிவிட்ட காமன் கூத்து ஆகியவை பற்றி நீங்களே கேட்டறியலாம். ஒரே இடத்துக்குப் பருவம்தோறும் திரும்பி வருகிறவருக்குத்தான் இவை பிடிபடும்.

அழிவு நடந்தபின் வருவதை எங்களில் யாரும் குறை சொல்வதில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைக் குலைத்தபோதும் கமராக்கள் வந்தன, வர வேண்டியதுதான். கோடையில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் வற்றி, மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரிகிறபோதும் வருகிறார்கள். ஆனால் அந்தக் கடைவீதியில் சனம் நடமாடிய நாளின் படங்களைத் தேடிப் பழைய கடைக்காரரின் வீடு வீடாக ஏறுவதற்கு எந்த நிறுவனமும் இதுவரை பணம் ஒதுக்கியதாக நான் கேள்விப்படவில்லை.

நிறுவனங்களுக்கு என் வேண்டுகோள் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு கண்காட்சிக்குச் செலவிடுகிற பணத்தில் ஒரு பங்கை மலையக நகரங்களின் பழைய ஸ்டூடியோக்களுக்குச் செலவிடுங்கள். எங்கள் நெகட்டிவ்கள் புளித்த நாற்றம் அடிக்கத் தொடங்கிவிட்டன. அந்த நாற்றம் வந்தால் ஃபிலிம் சுருங்கி, படிமம் உரிந்துபோக அதிக காலம் எடுக்காது. 1983 ஜூலையில் மலைநாட்டில் தமிழர் கடைகள் எரிந்தபோது கூடவே எரிந்த பெட்டிகள் போக, கடையை மூடியவர்கள் ஃபிலிமிலிருந்து வெள்ளி எடுப்பவர்களுக்கு நிறுத்து விற்றவை போக, மழை ஒழுக்கில் ஒட்டிப்போனவை போக மிச்சந்தான் இப்போது இருக்கிறது. ஸ்கான் செய்து தருவதாக ஓர் அமைப்பினர் என்னிடமிருந்து எடுத்துச் சென்ற பெட்டி இன்றுவரை திரும்பவில்லை. அதனால் பிரதியெடுப்பது ஸ்டூடியோவிலேயே, உரிமையாளரின் கண்ணெதிரில் நடக்க வேண்டும். நெகட்டிவை மட்டும் எடுத்துக்கொண்டு கொப்பியை விட்டுப் போவதில் பயனில்லை. கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் எடுங்கள்.

எடுத்ததை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் விடை இல்லாமல் இல்லை. கம்பளைக்கு அருகே பரதெக்கவில் பழைய லயத்திலேயே அமைந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை இருக்கிறது. 2005 முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. இவற்றில் குறைந்தது ஒன்றுக்காவது உங்கள் படங்களின் ஒரு தொகுதி, குறிப்புகளோடு, தமிழிலும் எழுதப்பட்டு வந்து சேர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

படத்தில் இருப்பவருக்கும் ஒரு பிரதி போய்ச் சேர வேண்டும். வாட்சப்பில் அனுப்பிவிட்டோம் என்பீர்கள். அந்தத் தொலைபேசி அடுத்த ஆண்டு இருக்காது. அச்சடித்துக் கொடுங்கள், சட்டம் போடத்தக்க அளவில், பின்புறத்தில் பெயரும் தோட்டமும் திகதியும் எடுத்தவர் பெயரும் பென்சிலால் எழுதிக் கொடுங்கள். தபாலில் அனுப்பினால் லயத்துக்குப் போய்ச் சேருமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நேரில் போய்க் கொடுப்பது நல்லது. அந்தச் சாக்கிலாவது இரண்டாம் முறை அங்கே போவீர்கள்.

என்னிடமுள்ள கொப்பிகளையும் பெட்டிகளையும் பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். எதையும் வெளியே எடுத்துச் செல்ல விடமாட்டேன். ஸ்கானரையும் கையுறையையும் நீங்களே கொண்டுவர வேண்டும். ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் வந்தால் வசதி. தென்மேல் மழை தொடங்கியபின் நான் அந்தப் பெட்டிகளைத் திறப்பதில்லை.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்து முன்னாள் ஸ்டூடியோக்காரன்